நாலு மூலை மஞ்சள்

சென் ஜேம்ஸ் ரவுணின் பதினோராம் மாடியில், பனிநாளின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து மேசையில் கிடக்கும் ஒரு தாளின் மேல் விழுகிறது. யோகராணிக்கு வந்திருக்கும் வேர்க் பெர்மிட் அது; அகதியாய் வந்த நாட்டில் வேலை செய்ய அரசாங்கம் தரும் அனுமதி. இன்று பின்னேரம் அதைத் தையல் ஃபக்டரி மனேஜரிடம் காட்டினால்தான் அவளுக்கு வேலை. அவள் சீப்போடு தலையிழுக்கப் போன நேரம் பார்த்து, புதுச்சட்டைக்குப் பூசுவதுபோல, கணவன் திருச்செல்வம் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் பூசிச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டான். இப்போது அவள் ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். "கவுண்மென்ற் பேப்பரிலை ஆரும் மஞ்சள் பூசுவினமே? அந்த மனேஜர் பாத்திட்டுக் கள்ளப் பேப்பர் எண்டு திருப்பி விட்டால்?" "கேட்டால், எங்கட முருகனும் ஒரு சைன் வைச்சவர் எண்டு சொல்லுமன்," என்கிறான் அவன். "உங்களுக்குப் பகிடி." அவனுடைய பெர்மிட் இன்னும் வரவில்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து அவன் முகம்தான் பூரித்துக் கிடக்கிறது. மூன்று மூலைகளில் மஞ்சள் மங்கி, தாள் லேசாகச் சுருங்கியிருக்கிறது. நாலாவது மூலையில் அவள் பஞ்சை வைக்கப்போகும்போது, காலடியில் ஏதோ இழுபடுகிறது. அவன் தரையில் குந்தியிருந்து, வெளியே போக அவள் மாட்டியிருக்கும் பனிச் சப்பாத்தின் நாடாவை இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுகிறான். "வெளியில சறுக்கும், கவனமாய் நடவும்." அவன் விரல் நுனிகள் இன்னும் மஞ்சளாகவே இருக்கின்றன. அவள் பஞ்சை மேசையில் வைக்கிறாள். மஞ்சள் அழியாத நாலாவது மூலை உள்ளே போகும்படி தாளை மெல்ல மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறாள்.