பொட்டு வைத்த சர்வர்

"ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போதே பாடை கட்டுகியே, உனக்கு வெக்கமா இல்லையாட்டி?"

நாகர்கோவிலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர் சுடலையாண்டி, கம்ப்யூட்டர் சர்வரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டார். சந்தனப் பொட்டும் தோவாளைக் கேந்திப்பூ மாலையுமாக அது புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. மாலைதான் கொஞ்சம் வாடியிருந்தது.

"சார், நான் சொல்லுகத ஒரு நிமிசம் கேளுங்க..." என்றாள் கம்ப்யூட்டர் பிரிவு ரெஜிஷா.

"நீ சொன்னதெல்லாம் போதும்!"

என்ன பெரிய சொல்! சர்வரில் உள்ளதை அப்படியே நகல் எடுத்து, மார்த்தாண்டம் கிளையிலிருக்கும் மெஷினுக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக வைத்திருக்கிறாளாம். விர்ச்சுவலாம். இங்கே தீயோ வெள்ளமோ வந்தால் அது எழுந்து வேலை பார்க்குமாம். பேய்க்குக் கால்தான் இல்லை என்பார்கள். இவள் உடம்பே இல்லாத கம்ப்யூட்டரைக் காட்டுகிறாள்! ஆயுத பூஜை முடிந்து எட்டு நாளாக, ஏதோ சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று வந்து காதைக் குடைகிறாள். சுடலையாண்டிக்குச் சிரிப்புதான் வந்தது.

"முன்ன இது கிரைண்டர் மாதிரி இரையும். கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. பூஜையில நானே தீர்த்தம் தெளிச்சு மாலை போட்டேன். இப்பம் பாரு, சத்தம் உண்டா? குளுகுளுன்னு இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு ரிப்போர்ட்டாவது நின்னுச்சா?"

"நிக்கல்ல சார். அதத்தான் நானும்..."

"பின்ன எதுக்குட்டி உன் மாயப்பெட்டி? இன்னையோட அதுவும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

போனை எடுத்து மார்த்தாண்டத்துக்கு அடித்தார்.

"ஐயோ, வேண்டாம் சார்! பேஷண்டுங்க விவரமெல்லாம் போயிரும்!" ரெஜிஷா பதறினாள்.

"வாய மூடு! ஹலோ, குமாரதாஸா? அந்த மெஷின ஆஃப் பண்ணும்வே. ஆமா, இப்பமே!"

ஒரு பீடை ஒழிந்தது என்று போனை வைத்தார்.

"சார், கம்ப்யூட்டர்ல ஒரு பேஷண்ட் பேரும் வரல்ல!" லேபிலிருந்து கத்தினார்கள். மருந்து கவுண்டரிலிருந்தும் அதே சத்தம்.

சுடலையாண்டி திகைத்துப்போய்த் திரும்பினார். ரெஜிஷா கேந்தி மாலையை விலக்கிக் காட்டினாள். சர்வரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"நீங்க தட்டிக்கொடுத்துட்டு இருக்கது பொணம் சார். அன்னைக்கு தெளிச்ச தீர்த்தம் உள்ள போயி, பூஜையன்னைக்கே செத்தாச்சு. எட்டு நாளா ஆஸ்பத்திரிய ஓட்டினது, இப்பம் நீங்க ஆஃப் பண்ணச் சொன்ன அந்த மாயப்பெட்டி!"