அட்டையின் பின்பக்கம்

"எடுத்தது நீங்கதானே அக்கா? மழுப்பாம சொல்லுங்க!"

பிரவீனா போட்ட சத்தத்தில், தெப்ராவில் இருந்த அந்தத் தாதியர் கல்லூரியின் நூலகமே திரும்பிப் பார்த்தது. துப்புரவு வேலை பார்க்கும் கிருஷ்ணம்மா தலைகுனிந்து நின்றாள்.

மறுநாள் மருத்துவச் சொற்கள் தேர்வு. முழ நீளச் சொற்களைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஓர் அட்டை என்று பிரவீனா எழுதி வைத்திருந்தாள். வாயிலிருந்து இரைப்பை வரைக்கும் நாற்பது அட்டைகள். அதில் இரண்டைக் காணோம்.

"ரெண்டு அட்டைக்கா இந்தப் பாடு? வேற எழுதிக்கோ லா," என்றான் உடன் படிக்கும் ரூபேந்திரன்.

"ரெண்டா இருந்தாலும் திருட்டு திருட்டுதான். இன்னிக்கு அட்டை. நாளைக்கு என்ன, லேப்டாப்பா?"

வாதம் என்று வந்துவிட்டால் பிரவீனாவை வெல்ல ஆளில்லை. பேச்சுப் போட்டியில் 'நோயாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு' என்று பேசி, போன வாரம்தான் கோப்பை வாங்கியிருந்தாள்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டையின் முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ். தமிழ்ப்பள்ளியில் படித்தவளுக்குத் தமிழில் பொருள் எழுதினால்தான் மண்டையில் ஏறும். அது வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"ஆபீஸுக்கு வாங்க. வேலை போனாத்தான் புத்தி வரும்."

"ஆபீஸ் வேணாம்மா."

கிருஷ்ணம்மா பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். கூடவே நான்காக மடித்த ஆஸ்பத்திரித் தாள் ஒன்று.

"வீட்டுக்காரருக்கு ஒரு மாசமா சோறு எறங்கல. டாக்டர் மலாய்ல 'பொத்தோங் சிக்கிட்'னாரு. கொஞ்சம் வெட்டணுமாம். எதைன்னு கேக்குறதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. இவரும் கையெழுத்தைப் போட்டுட்டாரு."

தாளின் நடுவில் பெரிய எழுத்தில் நீளமான ஓர் ஆங்கிலச் சொல். கிருஷ்ணம்மா அதன் கீழே இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

உணவுக்குழாய்.

வெட்டி எடுத்தல்.

"எழுத்தோட எழுத்து வச்சுப் பார்த்தேம்மா. மத்த புள்ளைங்க அட்டையில தமிழ் இல்லையே."

பிரவீனாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆப்பரேஷன் எப்ப?"

"காலையிலேயே உள்ள கொண்டு போயிட்டாங்க. எனக்கு லீவு கெடைக்கல. போறப்ப, 'எதைடி வெட்டப் போறாங்க?'ன்னு என்னைத்தான் கேட்டாரு. அப்பத் தெரியல. இங்க வந்து மேசை துடைக்கிறப்பதான் அட்டையைப் பார்த்தேன்."

ரூபேந்திரன் மெல்ல நழுவிவிட்டான்.

"ஒரு வார்த்தை முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே, அக்கா! சொல்லியிருப்பேனே!"

கிருஷ்ணம்மா தாளைப் பழையபடி நான்காக மடித்தாள்.

"கேட்டேனேம்மா. போன வாரம், இதே மேசையில, இதே தாளை நீட்டினேன். 'பேச்சுப் போட்டிக்குத் தயார் பண்றேன், தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு சொன்னீங்க."