சால்வை போட்டால் டீச்சர்

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது. மீதிப் பாதியில் பென்சில் சீவல், ஆறிப்போன தேநீர், பெருக்கல் வாய்ப்பாடு. மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரத் தொடங்கியிருக்கும் இளம் தாய், தோளில் நீலச் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா; இரண்டு மகன்களையும் வீட்டிலேயே படிக்கவைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டவள். "சால்வை போட்டா டீச்சர், கழட்டினா அம்மா. எங்க வீட்டுல இதுதான் சட்டம். உன் பொண்ணுகிட்டயும் காலையிலேயே சொல்லிட்டேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத, பாதித் தலைவலி போயிடும்," என்கிறாள் அக்கா. "சின்னவன் இருக்கானே, கணக்கு வரலன்னா முதல்ல சால்வையைத்தான் பிடிச்சு இழுப்பான்." அவள் விரல் சால்வை ஓரத்து மைக்கறையைத் தடவுகிறது. கறையை வைத்தவனுக்கு இப்போது தாடி இருக்கிறது. வெளியே சைக்கிள் விழும் சத்தம். மகள் வாசலில் வந்து நிற்கிறாள். முழங்காலில் ரத்தம், உதடு துடிக்கிறது, ஆனால் அழவில்லை. அம்மாவின் தோளையே பார்க்கிறாள். "என்னடி ஆச்சு?" என்று அம்மா எழுவதற்குள் அக்காவின் கை நீண்டு சால்வையை உருவிவிடுகிறது. அதன் பிறகுதான் அழுகை வெடிக்கிறது. தாயும் மகளும் தரையில் கட்டிக்கொண்டு கிடக்க, அக்கா அந்தச் சால்வையை மெல்லத் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள். பிடித்து இழுக்க யாரும் இல்லை.