இடது ஓரம்

திரையில் தன் வீட்டு அடுப்படியைக் கண்டதும் அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

காரை பெயர்ந்த சுவர். அதன் கீழே, தரையில், தட்டின் முன் அவர் மனைவி.

வாய்க்குப் போகிற சோறு பாதி வழியில் நிற்கிறது. ஒரு முழங்கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

இடது ஓரத்தில் ஒரு கை. கையில் காலி டம்ளர்.

மணிக்கட்டு வரைதான் தெரிகிறது. வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது. அவருக்குத் தெரியும்.

நூலக மாடியில் ஊர்ப் புகைப்படக் குழுவின் மாதக் கூட்டம். எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் படத்தைப் போடுவார்கள். வரிசைப்படி எல்லோரும் குறை நிறை சொல்ல வேண்டும். அதுவரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில்தான் எழுந்து நிற்கலாம்.

அந்த விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

முன் வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் அவரே அழைத்து வந்து குழுவில் சேர்த்தார். என் மகள் என்று எல்லோருக்கும் சொன்னார். குளத்தை எடுப்பாள், கோபுரத்தை எடுப்பாள் என்று நினைத்திருந்தார்.

அவர் வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதை வெளியாள் பார்த்ததில்லை. விருந்தாளி வந்தால், அடுப்படிக் கதவைச் சாத்திய பிறகுதான் மனைவி தட்டில் கை வைப்பாள். அவர் அம்மாவும் அப்படித்தான்.

இப்போது மனைவி இத்தனை பேர் முன்னால் சுவர் உயரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவும் அந்தச் சாயம் போன சேலையில்.

இது எந்த மதியம்? யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. எல்லா மதியமும் இப்படித்தான்.

படத்தை நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

மெடிக்கல் ஷாப் செண்பகராமன் தொடங்கினார்.

"வெளிச்சம் பிரமாதம். ஆனா இந்தக் கை எதுக்குங்கேன்? போன மாசம் எம் படத்துல கரண்டுக் கம்பத்த வெட்டச் சொன்னாங்கள்லா நம்ம அண்ணாச்சி. அந்தக் கம்பத்த விட இந்தக் கை என்ன ஒசத்தி?"

சிரித்தார்கள்.

வெட்டச் சொன்ன அண்ணாச்சி அவர்தான். தன் கையைக் கம்பத்தோடு சேர்த்தவனை அவரால் முறைக்கக்கூட முடியவில்லை.

அடுத்து ஃபர்சானா டீச்சர்.

"கைய வெட்டவே கூடாது. அந்த டம்ளர்தான் படமே. அந்தம்மா ஒரு வாய் நிம்மதியா திங்கல பாருங்க. இத்தனைக்கும் தண்ணிக்குடம் அந்த ஆளு கைக்குப் பக்கத்துலயே இருக்கு. துரைக்கு மோந்து குடிக்க வலிக்கி."

குடத்தை அவர் அப்போதுதான் பார்த்தார்.

துரை.

முன் வரிசையைப் பார்த்தார். மகள் திரும்பவில்லை. அவளுடைய பின்னங்கழுத்து மட்டும் தெரிந்தது.

மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கை வேண்டும் என்றார்கள். கை வேண்டாம் என்றார்கள். அவர் கையைப் பற்றி, அவரை வைத்துக்கொண்டே, இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை.

டீச்சர் சொன்னதுதான் சரி. இதே படம் வேறு வீட்டிலிருந்து வந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அதுதான் அவரைக் குடைந்தது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா முடிஞ்சிரும்," என்றார் மடிக்கணினி முன் இருந்த செயலாளர் ஐசக்.

கடைசி வரிசையில் கடைசி நாற்காலி அவருடையது. கடைசி வார்த்தையும்.

"வெட்டிருங்க," என்றார். "கையையும் குடத்தையும் சேர்த்து. கண்ணு அங்க ஓடுது. சாப்பிடுத பொம்பள மட்டும் போதும்."

யாரோ ஒருத்தியைச் சொல்வதுபோல் சொன்னார்.

கை போய்விட்டால் அது வெறும் அடுப்படி. எந்த வீட்டிலும் இருப்பது. அப்புறம் மகள் எழுந்து நின்றாலும் பேச ஒன்றும் இருக்காது.

ஐசக் படத்தின் இடது ஓரத்தைப் பிடித்து உள்ளே நகர்த்தினார். டம்ளர் போனது. விரல்கள் போயின. குடம் போனது.

அவர் மூச்சு விட்டார்.

முன்னால் இருந்தவர்கள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்கள்.

திரையில் அவள் மட்டும் இருந்தாள். பாதி எழுந்தவள். விரல்களில் சோறு. கண்கள், படத்தில் இல்லாத ஒருவரை அண்ணாந்து பார்த்தன.

டம்ளர் இருந்தவரை அவள் தண்ணீர் கொடுக்க எழுந்தாள்.

இப்போது எதற்கு எழுகிறாள் என்று தெரியவில்லை.

"ஏயப்பா," என்றார் செண்பகராமன், தணிந்த குரலில். "யாரக் கண்டு இந்தம்மா இப்படிப் பதறுது?"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் தப்பு. சார் சொன்னதுக்கு அப்புறம்தான் இது படமா ஆயிருக்கு."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். கண்காட்சியில் வாசலுக்கு எதிரே வைக்க வேண்டியது இதுதான் என்றார் ஐசக்.

பழையபடி போடுங்கள் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். என்ன காரணம் சொல்வது? வெட்டச் சொன்னது அவர். காரணம் சொன்னதும் அவர்.

"எடுத்தவங்க எந்திரிக்கலாம்," என்றார் ஐசக்.

மகள் எழுந்தாள்.

கைதட்டல் ஒவ்வொரு கையாக ஓய்ந்தது.

ஒவ்வொரு தலையாகப் பின்வரிசையின் கடைசி நாற்காலிக்குத் திரும்பியது.

மகள் மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றாள்.