பத்து மணி அலாரம்

"யாருங்க இந்த ஹெச்.எல்.?"

மேனேஜர் கைசா கேட்டது எஸ்கோவை. ஆனால் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

தம்பெரே நகரில் எங்கள் கம்பெனிக்கு வேலையே கண்காணிப்புதான். கடை, பஸ் டிக்கெட், நூலகம் என்று ஊரில் ஓடுகிற கம்ப்யூட்டர்களை எங்கள் சாஃப்ட்வேர் கவனிக்கும். யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓடும் குட்டி புரோகிராம்கள், "இருக்கியா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் டூட்டியில் இருப்பவர் போனில் அலாரம் அடிக்கும். அவர் 'பார்த்துக்கிறேன்' பட்டனை அழுத்த வேண்டும்.

"உங்க புரோகிராம் ஒண்ணு, இல்லாத மெஷினைக் கூப்பிடுது. தினம் காலைல பத்து மணிக்கு. அலாரம் போகுது, ஹெச்.எல்.னு யாரோ பட்டனை அழுத்துறாங்க. நம்ம ஆளுங்கள்ல அப்படி ஒருத்தருமே இல்லை. எதுக்கு இது?"

எஸ்கோ தன் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மெஷினும் பதில் சொல்லாது போல" என்றான் ஒருவன். சிரித்தோம். நானும்தான். எஸ்கோவைத் தவிர இங்கே எல்லாரும் போன வருஷம் சேர்ந்தவர்கள்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, கைசா. யாருக்கும் தொந்தரவு இல்லை."

"வெளியாள் போனுக்கு நம்ம அலாரம் போகுது. தொந்தரவு இல்லையா?"

"ஒரு நாள் டைம் குடுங்க. வேற ஏற்பாடு பண்ணிடறேன்."

"என்ன ஏற்பாடு? காரணத்தைச் சொல்லுங்க, விட்டுடறேன்."

எஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தார். கைசா பொல்லாதவள் இல்லை, ஆனால் கறார். தானே அந்த புரோகிராமை நிறுத்தினாள். மணி ஒன்பதே முக்கால்.

எஸ்கோ அவசரமாகக் கோட்டை எடுத்தார்.

"உட்காருங்க. எச்சரிக்கைக் கடிதம் தயாராகுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்."

அது தயாராக அரை மணி ஆயிற்று.

கடிதம் கைசா கைக்கு வந்த நேரம், வாசல் கண்ணாடிக் கதவைத் தட்டும் சத்தம். வெளியே மைனஸ் பதினெட்டு. வீட்டுச் செருப்போடு ஒரு வயதான அம்மாள். கோட்டில் பித்தான்கள் மாறிக் கிடந்தன.

"பத்து மணி அலாரம் ஏன் வரலை?" உள்ளே வந்ததுமே அதட்டினார். "அலாரம் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா? கண்காணிக்கிறதே செத்துப்போச்சுன்னும் அர்த்தம். இதுகூடத் தெரியாம என்ன டூட்டி பார்க்கறீங்க?"

அவர் சொன்னது சரிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தருவதே அதைத்தான்.

எஸ்கோ ஓடிப்போய் மண்டியிட்டு, அவர் காலில் ஒட்டியிருந்த பனியைத் தன் கம்பளித் தொப்பியால் துடைத்தார்.

"நல்ல மனுஷரா இருக்கீங்க. புதுசா சேர்ந்திருக்கீங்களா? பேரு என்ன?"

"எஸ்கோ."

"நான் ஹில்க்கா. இருபத்தாறு வருஷமா இங்கதான் டூட்டி."

சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. கைசா கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எஸ்கோ, இவங்க யாரு?"

"நாலு வருஷம் முன்னாடி, ஞாபகம் தப்ப ஆரம்பிச்சதும் வேலையை விட்டாங்க. தினம் ஒரு அலாரம் வந்தா, நாள் பூரா வீட்டுல நிம்மதியா இருப்பாங்க." எஸ்கோ நிமிரவே இல்லை. "என் சம்சாரம். என்னைத்தான் மறந்துட்டா, டூட்டியை மறக்கலை."