மலைப்பாம்புக்கு ஆரஞ்சுப்பூத் தண்ணீர்

இரண்டு வெப்பமானிகளில் ஒன்று பொய் சொல்கிறது என்றுதான் ஜிஹான் நினைத்தாள்.

கண்ணாடிப் பெட்டியின் இடது மூலையில் முப்பத்திரண்டு. வலது மூலையில் இருபத்தாறு. நாலு சாண் நீளம்கூட இல்லாத பெட்டி.

இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். இப்போது மற்றது பொய் சொன்னது.

ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாம்பு விற்கும் கடைக்காரன் ரஷாத் போனில் சொன்னது மெல்ல நினைவுக்கு வந்தது. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போவது என்று பாம்புக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாள். அதெல்லாம் தெரியும் என்றான்.

அவளுக்கோ, சொந்த வீட்டில் எந்த அறையில் போய் உட்காருவது என்றே இப்போதெல்லாம் தெரிவதில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ரஷாத் பெய்ரூத்திலிருந்து வந்துவிடுவான். பெட்டி சரியாக இல்லையென்றால் பாம்பைத் திரும்பக் கொண்டுபோய்விடுவதாக முதலிலேயே சொல்லிவிட்டான். ஆயத்தமில்லாத வீட்டில் ஓர் உயிரை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அவனிடம் இல்லை.

பாம்பு வேண்டுமென்று சொல்லி வைத்தவன் நதீம், அவளுடைய ஒரே மகன். முட்டை பொரிந்து, குட்டி வெளியே வந்து, தானாக இரை எடுக்கத் தொடங்குவதற்குள் அவன் போய்விட்டான். கடற்கரைச் சாலையில் ஒரு லாரி. அவனுடைய மோட்டார் சைக்கிள். இங்கே ஸைதாவில் பாதி ஊர் ஜனாஸா தொழுகைக்கு வந்தது. பெய்ரூத்தில் இருக்கும் கடைக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நதீமின் எண் கிடைக்காமல் ரஷாத் இவளை அழைத்தான். விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். கொண்டு வாருங்கள் என்று வந்துவிட்டது.

பல்லிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தங்கை வஃபா அன்றிலிருந்து கேட்கிறாள். ஜிஹான் யோசித்துப் பார்த்தாள். பதில் எங்கோ பக்கத்தில்தான் இருந்தது, கைக்குத்தான் அகப்படவில்லை.

வஃபா அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி பெட்டியை முறைத்தாள்.

"இதுக்கு நீ ரெண்டாங் கல்யாணமே பண்ணியிருக்கலாங்க்கா. வர்றவன் மூக்க நோண்டிட்டு உக்காந்திருப்பான், ஆனா எலி கேக்க மாட்டான்."

சொல்லிவிட்டு, தலை வலிக்கிறதென்று காபிக்கு மின்கெட்டிலைப் போட்டாள்.

அரசு மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்கு ஐந்தே ஆம்பியர். ஃப்ரிட்ஜ், பாம்பின் சூட்டுத் தகடு, மேலே இந்தக் கெட்டில். டக்கென்று எல்லாம் அணைந்தது.

ஜிஹான் வீட்டுச் செருப்போடு படிகளில் இறங்கி ஓடி, வாசல் சுவரில் வரிசையாக இருந்த விசைகளில் தன் வீட்டு விசையைத் தேடினாள். பக்கத்து வீட்டு விசையை இறக்கி, மேலிருந்து ஒருத்தர் கத்திய பிறகு அதை ஏற்றி, அப்புறம்தான் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள்.

மூச்சிரைக்கத் திரும்பியபோது முப்பத்திரண்டு இருபத்தொன்பதாகியிருந்தது.

நதீமின் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். மூச்சு முட்டுமோ என்று ஒரு பக்கம் விலக்கினாள். குளிருமோ என்று மறுபடி மூடினாள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்தாள்.

அப்போதுதான் படிகளில் காலடி கேட்டது.

ரஷாத் ஒல்லியான ஆள். குளிர் படாமல் இருக்கப் பாம்பின் துணிப்பையைச் சட்டைக்குள் மார்போடு போட்டிருந்தான். உட்காராமல் நேரே பெட்டியிடம் போனான். கம்பளியை விலக்கினான். வெப்பமானிகளைப் பார்த்தான். கிண்ணத்தைத் தூக்கி மோந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னங்க, மலைப்பாம்புக்கு ஆரஞ்சுப்பூத் தண்ணியா?"

ஜிஹான் தன் கையைப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தண்ணீரில் வாசனைக்கு அதில் இரண்டு சொட்டு விடுவது கையின் பழக்கம். கை தானாக விட்டிருக்கிறது.

அவன் அதைக் கொட்டிக் கழுவி, வெறும் தண்ணீர் வைத்தான். இருபத்தொன்பது போதாது என்றான். இன்றைக்கு எடுத்துப் போகிறேன், அடுத்த வாரம் நதீம் வீட்டில் இருக்கும்போது வருகிறேன், அவனுக்குக் கையில் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கும் என்றான்.

வாசலில் வஃபா வாயைத் திறந்தாள்.

ஜிஹான் முந்திக்கொண்டாள். கரண்ட் போனதால்தான் இறங்கியது, இப்போது ஏறிவிடும், அதுவரை உட்காருங்கள் என்றாள். தங்கையைப் பார்த்து, கேஸ் அடுப்பில் காபி போடச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு வஃபா வாயை மூடிக்கொண்டு போனாள்.

காபி வந்தது. ஆறியது. முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்திரண்டைத் தொட்டதும் ரஷாத் எழுந்தான். பையின் முடிச்சை அவிழ்த்தான். புடலங்காய் நீளத்தில், பழுப்பும் கறுப்புமாக, தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தது அது.

"உம் நதீம், கைய நீட்டுங்க. ஒண்ணும் செய்யாது."

உம் நதீம். நதீமின் தாய். அவன் பிறந்த அன்று ஊர் அவளுக்குப் போட்ட பெயர். அடக்கம் முடிந்த மறுநாளே, புண்ணில் விரல் பட வேண்டாமென்று, அண்டை வீட்டார் அந்தப் பெயரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரரும் அப்படியே. எல்லோருக்கும் அவள் வெறும் ஜிஹான் ஆனாள். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைத்தது, போனில் இவன் ஒருவன்தான்.

ஜிஹான் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"காதுல விழல தம்பி," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."