கேஸ் இல்ல

அவன் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்.

அப்பாவின் கார். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. வேப்பமரத்தடியில், அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. காலையில்தான் புதுப் பேட்டரி போட்டிருந்தான்.

இன்று அம்மாவைக் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும். இந்தக் கோவில்பட்டி வீட்டில் தனியாகக் கிடந்து இரண்டு முறை தலைசுற்றி விழுந்தாயிற்று. ஏசி டாக்ஸியோடு இரண்டு தடவை வந்து பார்த்தான். இரண்டு தடவையும் வாசல்வரை வந்துவிட்டு, "தலைய வலிக்குய்யா, நீ போயிட்டு வா" என்று திரும்பிவிட்டாள்.

அப்பாவின் கார் என்றால் ஏறுவாள். ஆனால் சித்திரை வெயில். அந்தக் காரில் ஏசி ஓடி அவன் பார்த்ததே இல்லை.

"கேஸ் இல்லப்பா."

பதினாறு வருடமாக அப்பாவிடம் இந்த ஒரே பதில்தான்.

எத்தனை பயணம்! நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும். சாத்தூர் தாண்டினால் அனல் முகத்தில் அறையும். ஜன்னல் பக்கத்துக்கு அவனும் தங்கை கோமதியும் அடித்துக்கொள்வார்கள். முன்சீட்டில் அம்மா, தலைப்பு காற்றில் பறக்க, பாடிக்கொண்டே வருவாள்.

"சரியான கஞ்சன்" என்று கோமதி முணுமுணுப்பாள். அப்பாவுக்குக் கேட்கும். சிரித்துக்கொள்வார்.

அந்த வெக்கைக்கு இப்போது அவன் ஏங்கினான்.

கேஸ் டப்பா. குழாய். நடுவில் ஒரு மீட்டர். எல்லாம் ஃபோனில் பார்த்துப் படித்ததுதான். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாகத் திருப்பி, குழாயை மாட்டினான்.

முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் நின்றது.

கேஸ் இருக்கிறது. வேண்டிய மட்டும் இருக்கிறது. கம்ப்ரசர்தான் சுற்றவில்லை.

இன்ஜினை அணைத்து, ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை. ஏசி ஃப்யூஸ் அங்கே இல்லை.

டேஷ்போர்டு அறைக்குள் இருந்தது. விபூதிப் பொட்டலத்தில், பத்திரமாக. பக்கத்தில், காய்ந்து கல்லாகிப்போன ஒரு எலுமிச்சம்பழம். எப்போதும் அங்கே ஒன்று இருக்கும். திருஷ்டிக்கு என்பார் அப்பா.

ஃப்யூஸை மாட்டி இன்ஜினைப் போட்டான். டக்கென்று ஒரு சத்தம். ஜிலீரென்று காற்று வந்தது.

தனியாகப் போகும்போதெல்லாம் மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். திருட்டு மனுஷன்.

ஏன் என்றுதான் விளங்கவில்லை.

"அம்மா, வந்து உக்காந்து பாரும்மா."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டான்.

"நல்லா குளுகுளுன்னு இருக்குய்யா" என்றாள் அம்மா.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முகம் வெளுத்தது. தலைப்பு வாய்க்குப் போனது. மற்றொரு கை தானாக டேஷ்போர்டு அறைக்குள் போய்த் துழாவி, அந்த எலுமிச்சையை எடுத்து மூக்கில் வைத்தது.

கதவைத் திறந்து இறங்கி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல, அதான். கார்லாம் வேண்டாம்யா. நீ போயிட்டு வா."

அவன் அவள் கையிலிருந்த எலுமிச்சையைப் பார்த்தான்.

இன்ஜினை அணைத்தான். பானெட்டுக்குள் குனிந்து ஃப்யூஸைப் பிடுங்கினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏசி நின்னு போச்சும்மா" என்றான். "கேஸ் இல்ல."

அம்மா அவனைப் பார்த்தாள்.

"உங்கப்பாவும் இதத்தான் சொல்லுவாக."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துவர உள்ளே போனாள்.

அவன் ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கினான்.